நான்கு வார ஓலை

எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன்
மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள்.
தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம்.
கனடாவில் ஒரு கடைசல்காரருக்கு நான்கு வாரம்.

சட்பரி. பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
ரைமோ சொல்லச் சொல்ல நான் தட்டினேன்:
சுரங்க இயந்திரங்களுக்கு சிலிண்டர் கடைய ஆள் தேவை,
அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகக் கூடாது,
மணிக்கு நாற்பத்தோரு டாலர், பல் வைத்தியம் உண்டு.
அரசாங்கத் தளத்தில் ஒன்று, வேறு இரண்டு இடங்களில்.
உள்ளூரில் ஆள் இருக்கிறதா என்று
உள்ளூர் முழுக்கக் கூவிய பிறகுதான்
அம்பத்தூர் சகாயராஜின் பெயரை
நாங்கள் வாயெடுக்கலாம்.

தடை சொல்ல ஏழு பேர் வந்தார்கள்.

ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி பஸ் ஓட்டுநர்.
ஒருவர் வின்னிபெக்கிலிருந்து, கேட்டது அறுபது டாலர்.
இருவர் போனை எடுக்கவே இல்லை.
ஒருத்தி அருமையாகச் செய்வாள்;
நாங்கள் பதில் எழுதுவதற்குள் சுரங்கமே அவளை எடுத்துக்கொண்டது.

ஆறாவது வெய்ன். என் எதிர்வீடு.
இருபது வருஷம் வெல்டர், இப்போது சும்மா இருக்கிறார்.
ஜனவரியில் என் காரைப் பனியிலிருந்து தோண்டி எடுத்தவர்.
சோதனைத் துண்டைக் கடைந்தார்.
ரைமோ மைக்ரோமீட்டரை இரண்டு தரம் வைத்துப் பார்த்தார்,
மூன்றாம் தரம் துடைத்துவிட்டு வைத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
வெய்னே கையுறையை மாட்டிக்கொண்டார்.

படிவம் கேட்கிறது:
இவர்கள் ஒவ்வொருவரையும் ஏன் எடுக்கவில்லை?
நியாயமான பயிற்சி தந்தால் தேறுவார்களா?
நியாயம் என்பது எத்தனை மாதம் என்று
படிவத்தில் இல்லை.
'கை போதாது' என்று எழுதினேன்.
அழித்தேன்.
'அனுபவம் வேறு துறையில்.'
பொய்யில்லை.
அன்றிரவு எதிர்வீட்டு விளக்கு அணையும்வரை
நான் திரைச்சீலையை இழுத்தே வைத்திருந்தேன்.

ஏழாவது நோவா பெல்ரோஸ், பத்தொன்பது வயது.
"எனக்கு எதுவும் தெரியாது. ஆறு மணிக்கு வந்துவிடுவேன்."
மறுநாள் யாரும் கூப்பிடாமல் ஆறு மணிக்கு வந்து நின்றான்.
ரைமோ துடைப்பத்தைக் கொடுத்தார்.
நாளைக்கு இந்த ஊர்க்காரரை எப்படித் தயார் செய்வீர்கள் என்ற கட்டத்தில்
அவன் பெயரை எழுதினோம்.

கட்டணம் ஆயிரம் டாலர்.
அதைச் சகாயராஜிடம் வசூலிக்க மாட்டோம் என்று
தனியாக ஒரு கையெழுத்து.

வெள்ளி இரவுகளில் அவர் வாட்ஸாப்பில் வருவார்.
அங்கே சனி விடிந்திருக்கும், ஷிப்ட் முடிந்திருக்கும்.
"மேடம், ஏதாவது?"
ஒன்றுமில்லை.
"இங்கே நோட்டீஸ் கொடுத்துடட்டுமா?"
தயவுசெய்து கொடுக்காதீர்கள்.
கட்டைவிரலை நிமிர்த்தி அனுப்புவார்.

பதினோராம் வாரம் அதிகாரி அழைத்தாள். இளங்குரல்.
இந்த இடம் எவ்வளவு நாளாகக் காலி?
ரைமோவுக்குப் பேச்சு வராது.
போனை எடுத்துக்கொண்டு
இரண்டாம் லேத்தின் அருகே போய் நீட்டிப் பிடித்தார்.
"கேட்கிறதா?"
"ஒன்றும் கேட்கவில்லையே, சார்."
"பதினான்கு மாதமாக அப்படித்தான்."
பிறகு சம்பளப் பட்டியல் கேட்டாள்,
வரிக் கணக்கு எண் கேட்டாள்,
நான் வாசித்தேன்.

நேற்றுக் கடிதம் வந்தது. சாதகம்.
அனுமதி அல்ல,
அனுமதி கேட்பதற்கான அனுமதி.
இனி கைரேகை, மருத்துவச் சோதனை, அவருடைய படிவம் தனி.
ஓலை வாசித்தாயிற்று, அவ்வளவுதான்.

இன்று காலை வெய்ன் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.
இயந்திரத்தை நிறுத்தினார்.
"ஆள் கிடைத்தாரா?"
கிடைக்கலாம், என்றேன். செருப்பைப் பார்த்துக்கொண்டு.
"எங்கே தங்குவார்?"
தெரியாது.
"என் பேஸ்மென்ட் காலியாகத்தான் கிடக்கிறது.
தொள்ளாயிரம்," என்றார்,
கயிற்றை இழுத்துத் திரும்பக் கிளப்பிவிட்டு,
அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினார்:
"ஹீட்டிங் சேர்த்து!"